யாழ்ப்பாணத்து வெயிலும் மோட்டார் இயந்திரமும்

மோட்டார் வண்டி எதனால் ஓடுகிறது என்று வினவினால், பெற்றோலால் ஓடுகிறது என்றே எவரும் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, ஆயினும் பாதி விடையே. ஒரு கிலோகிராம் பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோகிராம் காற்று வேண்டும். கொள்ளளவிற் சொல்வதாயின், ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்கும் இயந்திரம் 9000 லீற்றர் வரையான காற்றை உள்ளே இழுத்துவிடுகிறது. பெற்றோலை அளந்து விலை கொடுத்து வாங்குகிறோம். காற்று விலையின்றிக் கிடைக்கிறது. விலையில்லாப் பொருளை எண்ணிப் பார்ப்பார் யார்?

ஆனால் காற்று எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சூடேறிய காற்று விரிகிறது. விரிந்த காற்று நொய்தாகிறது. 10 பாகை வெப்பமுள்ள காற்று ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 1.25 கிலோகிராம் நிறையுடையது. 33 பாகையில் அது 1.15 ஆகவும், 60 பாகையில் 1.06 ஆகவும் குறைந்துவிடும். இயந்திரத்தின் சிலிண்டரோ கொள்ளளவை மட்டுமே அறியும், நிறையை அறியாது. ஒவ்வொரு முறையும் அது நாழியை நிரப்புவதுபோலத் தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. நாழி நிரம்பினாலும் நெல்லிற் பாதி சப்பியாயின் சோறு குறையுமன்றோ? அதுபோலவே சூடான காற்றை உண்ட இயந்திரமும் வலு குறைந்து ஓடும். சிலிண்டரின் சுவர்களே காற்றைச் சூடாக்குவதால், கணக்கிற் காணும் நட்டம் முழுதும் நடைமுறையில் வந்து சேர்வதில்லை. எனினும் அதிற் பாதியளவு வந்தே தீரும். 40 குதிரைவலு என்று எழுதி விற்கப்பட்ட வண்டி, வெயிலிற் கொதித்த பொனற்றின் கீழ் 37 குதிரைவலுவோடுதான் ஓடுமென்று கொள்ளலாம்.

ஆதலால் இயந்திரத்துக்குள் செல்லும் காற்றைக் குளிர்ச்சியாக வைத்திருத்தல் வேண்டும் என்பது மோட்டார் நூலோர் அனைவரும் ஒப்பும் விதி. இவ்விதியின் வரலாற்றைக் கோப்பாய் என்னும் ஊரை நடுவாக வைத்துச் சொல்ல முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கோப்பாயில் மோட்டார்த் தொழிற்சாலை எதுவும் இருந்ததில்லை. ஆனால் அவ்வூரும் அதனைச் சூழ்ந்த வலிகாமப் பகுதியும், அந்த விதியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு வாழ நேர்ந்த ஒரு காலம் உண்டு. அக்காலத்துக்கு வருமுன் சிறிது பின்னோக்கிச் செல்வோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி நல்லூரைக் கடந்து, இருபாலையூடாகக் கோப்பாயை அடைகிறது. பழைய வழி அது. 1560இல் போர்த்துக்கேயர் படையெடுத்து வந்தபோது சங்கிலி மன்னன் நல்லூரை நீங்கிக் கோப்பாய்க் கோட்டைக்குச் சென்றான் என்று வரலாறு கூறும். கிழக்கே கடல்நீரேரி; அதனைக் கடந்தால் கைதடி, தென்மராட்சி. மேற்கே உரும்பிராய், வடக்கே நீர்வேலி என்று செம்மண் தோட்டங்கள். வாழையும் புகையிலையும் மரக்கறியும் விளையும் அம்மண்ணில் ஆறில்லை, குளப்பாசனம் இல்லை. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள கிணற்று நீரே உயிர். துலா மிதித்து நீர் இறைத்த மக்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறைப்பு இயந்திரத்தை வரவேற்றார்கள். வீதியில் மோட்டார் வண்டியும், தோட்டத்தில் இறைப்பு இயந்திரமுமாக, காற்றை உண்ணும் எஞ்சின்கள் இரண்டு வகையாக ஊருக்குள் நுழைந்தன.

அவ்வாறு நுழைந்த கார்கள் பெரும்பாலும் இங்கிலாந்திற் பிறந்தவை. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40, 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1950களில் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவற்றை யாழ்ப்பாணத்தார் தம் வீட்டுப் பிள்ளைகள்போல அறிவர். இவற்றின் பொனற்றைத் திறந்து பார்த்தால் ஒரு புதுமை தெரியும். காற்றும் பெற்றோலும் கலந்து உள்ளே செல்லும் குழாயும், எரிந்த புகை வெளியே வரும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டிருக்கும். புகைக்குழாயின் அனல் உட்குழாயின் அடியைச் சுட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்றே நன்று என்ற விதியை அறிந்த பொறியியலாளர் இப்படி அமைப்பாரா?

அறிந்தே அமைத்தனர். பெற்றோல் நீர்மமாக எரிவதில்லை. ஆவியாகி, காற்றோடு கலந்த பின்னரே எரியும். ஆவியாகும்போது அது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சும். மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைத் தண்ணென்று வைப்பதும் இவ்வாறே. காபுரேற்றரில் பெற்றோல் முழுதும் ஆவியானால் காற்றின் வெப்பநிலை 20 பாகைக்கு மேல் இறங்கிவிடும். இங்கிலாந்தின் மாரிக்காலத்தில், ஈரங்கொண்ட காற்று 5 பாகையில் உள்ளே வரும்போது இவ்வாறு இறங்கினால் என்னாகும்? காபுரேற்றரின் தொண்டையிற் பனிக்கட்டி படியும். பெற்றோல் ஆவியாகாமல் துளித்துளியாகக் குழாயின் சுவரிலே வழியும். இயந்திரம் இருமி இருமி நின்றுவிடும். அதற்கு மருந்தாகவே அவர்கள் புகைக்குழாயின் அனலை இரவல் வாங்கினார்கள். மினி முதலிய சில வண்டிகளில் எயார் கிளீனரின் மூக்கைத் திருப்பி வைக்கவும் வழி இருந்தது. மாரியில் அதைப் புகைக்குழாய்ப் பக்கம் திருப்புக, கோடையில் அப்பால் திருப்புக என்று வண்டியோடு வரும் கைந்நூல் கட்டளையிடும். பனியறியாத தீபகற்பத்தில் அந்த மாரிக்கட்டளைக்கு என்ன பொருள்?

ஆக, குளிர்நாட்டின் உடலமைப்போடு அவ்வண்டிகள் வெப்பநாட்டிற் குடியேறின. சித்திரை, வைகாசி நண்பகலில் 33, 34 பாகைக்கு ஏறும் யாழ்ப்பாணத்தில், பொனற்றின் உள்ளே 60 பாகைக்குக் குறையாது. வலுக் குறைவை ஓட்டுநர் பெரிதாகப் பாராட்டியிரார். சமதரையான குடாநாட்டில் ஏற்றம் என்பது பாலத்து மேடுதான். அவர்களை வருத்தியது வேறொரு துன்பம். பெற்றோல், காபுரேற்றரை அடையுமுன்னரே வழியிற் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். வண்டி நடுவீதியில் நின்றுவிடும். அதற்கு வெப்பநாட்டு ஓட்டுநர் எல்லாரும் கண்ட வைத்தியம் ஒன்றே: ஈரத்துணியைப் பெற்றோல் பம்பின்மேற் சுற்றிவைத்துச் சிறிது நேரம் நிழலில் நிற்பது. மண்பானையின் தத்துவம் இங்கும் வந்து கைகொடுத்தது.

காற்றைக் குளிரச் செய்து ஊட்டும் கலை உண்மையில் வளர்ந்தது வீதியில் அன்று, வானத்திலேயாம். உயரப் பறக்கும் விமானத்துக்குக் காற்றின் அடர்த்தி போதாது. ஆகவே காற்றை அமுக்கித் திணிக்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி கையைச் சுடுவதை நாமெல்லாம் அறிவோம். அமுக்கிய காற்று சூடேறும் என்பது இயற்கை. காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும் சுழலி அதனை 90 பாகை வரையிற் சூடாக்கிவிடும். அடர்த்தியைக் கூட்டுவதற்காக அமுக்குகிறோம்; அமுக்குவதால் வரும் சூடு அடர்த்தியைக் குறைக்கிறது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பது போன்ற இந்நிலையைத் தீர்க்கவே, அமுக்கிய காற்றை ஒரு குளிரூட்டும் அடுக்கினூடே செலுத்தி ஆறவைத்து, அதன்பின் இயந்திரத்துக்கு ஊட்டும் முறை வந்தது. இன்ரர்கூலர் என்பது இதுதான். 1942இல் ஸ்பிற்பயர் விமானத்தின் ஒன்பதாம் வகை இதனைக் கொண்டே உயர்வானில் எதிரிக்கு ஈடுகொடுத்தது.

யாழ்ப்பாண மண்ணில் முதன்முதல் வந்திறங்கிய இன்ரர்கூலர்களும் வானத்தின் வழியாகவே வந்தவை எனலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓர் ஓடுபாதை அமைத்தது. கோப்பாயிலிருந்து வடக்கே சில கல் தூரமே. காங்கேசன்துறைத் தளம் என்று படையினர் குறித்த அவ்விடத்திலிருந்து, 160ஆம் படையணியின் லிபரேற்றர் விமானங்கள் வங்கக் கடலைக் கடந்து, நிக்கோபார், சுமாத்திரா வரையிற் சென்று திரும்பின. ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு எஞ்சின். ஒவ்வோர் எஞ்சினுக்கும் 14 சிலிண்டர், 1200 குதிரைவலு, புகையாற் சுழலும் காற்றமுக்கி, அதனோடு ஒரு குளிரூட்டி. லிபரேற்றரின் எஞ்சின் முகப்பு வட்டமாக இராது, பக்கங்களில் அகன்று முட்டைவடிவாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், அந்தப் பக்கவாய்களில் எண்ணெய்க்கும் காற்றுக்குமான குளிரூட்டிகளை ஒளித்து வைத்ததேயாம். தோட்டத்தில் துலா மிதித்தவரின் தலைக்குமேல் அக்காலத்து உச்சப் பொறியியல் பறந்து சென்றது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது.

அதே போர்க்காலத்தில் கடலுக்கு அப்பால், சென்னை மாகாணத்தில், இன்னொரு காட்சி. பெற்றோல் கிடையாமையால் பேருந்துகளின் பின்புறத்திற் கரியடுப்பைப் பொருத்தினார்கள். கரி பாதி எரிந்து தரும் வாயுவே எரிபொருள். அடுப்பிலிருந்து வரும்போது அது கொதிக்கும் சூட்டில் இருக்கும். அப்படியே ஊட்டினால் சிலிண்டருக்குள் வாயு மிகக் குறைவாகவே புகும். ஆதலின் நீண்ட குழாய்களிலும் பெட்டிகளிலும் அதனை அலையவிட்டு, ஆறவும் தூசு நீங்கவும் செய்து, பின்னரே எஞ்சினுக்கு விடுவர். அவ்வளவு பாடுபட்டும் வண்டியின் வலுவில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி நடந்ததை முதியோர் நகைச்சுவையாகச் சொல்லக் கேட்டிருக்கலாம். நகைப்புக்கு அடியில் இருந்தது, ஆறாத வாயுவும் அடர்த்திக் குறைவும்.

போர் முடிந்தது, பெற்றோல் வந்தது, கரியடுப்பு மறைந்தது. இலங்கையில் 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது புதிய கார்களின் இறக்குமதி இறுகியது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு இறக்குமதியை மேலும் கட்டுப்படுத்தியது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் விலை ஏறியது. செம்மண் தோட்டக்காரர் கையிற் பணம் புரண்டது. இறைப்பு இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் பெருகின. ஆனால் புதிய கார் வாங்கக் கிடைக்கவில்லை. பழைய ஏ40களையும் மைனர்களையும் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார்கள். இக்காரணத்தால், மற்ற நாடுகளில் இரும்புக்கடைக்குச் சென்றுவிட்ட வண்டிகள் யாழ்ப்பாணத்தில் 1990 வரையில் உயிரோடிருந்தன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்குச் செல்லும் பொருள்களுக்கு அரசு தடை விதித்தது. பெற்றோல், டீசல், மின்கலம், உரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. மறைவாக வந்த பெற்றோலின் விலை வெளியூர் விலையைப்போற் பல மடங்கு. அளவோடு வர அனுமதிக்கப்பட்ட எரிபொருள் மண்ணெண்ணெய் ஒன்றே. விளக்கெரிக்கவும் அதுவே, நீர் இறைக்கவும் அதுவே. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் அதற்கும் அதுவே.

பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது எளிதா? அன்று. பெற்றோல் 35 பாகை தொடங்கியே கொதித்து ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 பாகையில். குளிர்ந்த எஞ்சினுக்குள் அதனை விட்டால் துளியாகவே நிற்கும், பிளக்கை நனைக்கும், எரியாது. ஆகவே முதலிற் சிறிதளவு பெற்றோல் வேண்டும். ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தலிற் குழாய் பொருத்தி, காபுரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி, எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயை ஏற்கச் செய்வர். மருந்துக் கடையில் அளப்பதுபோல அளந்தார்கள் பெற்றோலை. கிளம்பிய வண்டியை இடையில் நிறுத்த அஞ்சுவர். நிறுத்தினால் ஆறிவிடும், ஆறினால் மறுபடியும் அந்த அரிய துளிகள் செலவாகும்.

இறைப்பு இயந்திரக்காரருக்கு இந்த வித்தை புதிதன்று. அவர்களுடைய எஞ்சின்களிற் பல, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கியும் மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கியும் அவற்றுக்கு உண்டு. உலகிலும் இது பழைய கதைதான். 1917இல் அமெரிக்காவில் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிய போர்ட்சன் உழவு இயந்திரம் மண்ணெண்ணெயை ஆவியாக்குவதற்குப் புகையின் அனலைப் பயன்படுத்தியது. பிரித்தானியாவில் 1930கள் முதல் உழவு இயந்திரங்களுக்கென்றே மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய் ஒன்று விற்றார்கள். அவ்வியந்திரங்களின் ரேடியேற்றர் முன்னே ஒரு திரை தொங்கும். குளிர்ந்த காற்று படாதபடி திரையை இழுத்து மூடி, எஞ்சினைச் சூடாக வைத்திருப்பது உழவனின் கடமை. 1910இல் தோன்றிய றம்லி ஒயில்புல் என்னும் பெரும் பொறியோ, நீர் கொதித்துவிடும் என்பதற்காக நீரைத் தவிர்த்து எண்ணெயையே குளிரூட்டியாகக் கொண்டு, வேண்டுமென்றே சூடாக ஓடியது.

இப்பொழுது அந்த இங்கிலாந்துக் கார்களை மீண்டும் நோக்குவோம். குளிர்நாட்டு மாரிக்காக உட்குழாயோடு ஒட்டவைத்த புகைக்குழாயின் அனல், யாழ்ப்பாணத்து வெயிலில் நாற்பது ஆண்டுகள் வேண்டாத சுமையாக இருந்தது. மண்ணெண்ணெய் வந்ததும் அதுவே மருந்தாயிற்று. துளியாக வழியும் மண்ணெண்ணெய் அந்தச் சூடான இடத்திற் பட்டு ஆவியாகும். காற்றைச் சூடாக்குவது குற்றம் என்ற விதி தடைக்காலத்தில் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. பிற்காலத்து யப்பானிய வண்டிகள் பலவற்றில் உட்குழாய் ஒரு பக்கமும் புகைக்குழாய் மறுபக்கமுமாகப் பிரிந்திருக்கும். வலுவுக்கு அது நன்று; மண்ணெண்ணெய்க்கு அது உதவாது.

இன்னொரு காரணமும் உண்டு. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. பிளக்கின் பொறியால் எழுந்த சுவாலை முழுதும் பரவுமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்து, எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல ‘நொக்’ ஓசை எழும். பிஸ்ரன் உடையவும் கூடும். பழைய ஏ40 தன் கலவையை ஏறத்தாழ 7 மடங்கே அமுக்கியது. புதிய வண்டிகள் 9 மடங்கு வரையில் அமுக்குவன. முதுமையின் பொறுமை என்று இதனைச் சொல்லலாம். பொருளாதாரக் கொள்கை ஒன்று புதிய கார்களைத் தடுத்ததால் எஞ்சிய கிழட்டு வண்டிகளே, போர்க்கால ஊரின் பாரத்தைச் சுமக்கத் தகுதி பெற்றன.

ஆனால் இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. மண்ணெண்ணெயை ஆவியாக்கச் சூடு வேண்டும். அந்தச் சூடே ‘நொக்’ ஓசையையும் வளர்க்கும். குறைந்தால் எரியாது, மிகுந்தால் உடைக்கும். பொறியியல் உலகம் இந்தச் சிக்கலுக்கு நீரிடம் சென்றது. 1890களிலேயே அங்கேரிய நாட்டுப் பொறியியலாளர் பாங்கி, எஞ்சினுக்குள் நீரைத் தூவிச் சூட்டைத் தணிக்கும் முறையைக் கையாண்டார். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக 540 கிலோகலோரி வெப்பத்தை விழுங்கும். பெற்றோல் விழுங்குவதைப்போல் அது ஏறத்தாழ ஆறு மடங்கு. மேலே கூறிய ஒயில்புல் பொறியும் பாரம் கூடியபோது மண்ணெண்ணெயோடு நீரையும் உறிஞ்சி ‘நொக்’ ஓசையை அடக்கியது. இரண்டாம் உலகப் போரின் விமானங்கள் சில நிமிட நேரப் பேராற்றலுக்காக நீரும் மெதனோலும் கலந்து தூவின. யாழ்ப்பாணத்து ஓட்டுநருக்கு இத்தகைய கருவிகள் இல்லை. அவருக்கு இருந்தவை செவியும் வலது காலும். ஓசை எழுந்தால் காலைத் தளர்த்துவார். இருமினால் சிறிது மிதிப்பார். கராஜ் மெக்கானிக் பொறி விழும் நேரத்தைச் சிறிது பிந்தச் செய்து உதவுவார். அவ்வளவே.

அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். தேய்மானம் விரைந்தது. பிளக்குகள் கரி பிடித்தன. வண்டி போன வழியெல்லாம் வெண்புகையும் கண்ணெரிக்கும் நெடியும். அக்காலத்தை வியந்து போற்றுவோர் சிலர் இப்பகுதியை விட்டுவிட்டே பேசுகின்றனர். மக்கள் அதை விரும்பிச் செய்யவில்லை. வேறு வழியின்றிச் செய்தார்கள். பெரும்பாலோர் காரில் ஏறவும் இல்லை. சைக்கிளே அக்காலத்தின் உண்மையான ஊர்தி. விறகும் நெல்மூடையும் நோயாளியும் அதன்மேலேயே சென்றன.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேறுமாறு பணிக்கப்பட்டபோது, செம்மணி வழியாகவும், கோப்பாயிலிருந்து கைதடிக்குக் கடல்நீரேரியைக் கடக்கும் வழியாகவும் பல இலட்சம் மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். மழை வேறு. அத்திரளினூடே அகப்பட்ட வண்டிகள் அங்குலம் அங்குலமாகவே ஊர முடிந்தது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும். ஊரும் வண்டிக்கு அதுவும் இல்லை. நின்றால் மீண்டும் கிளப்பப் பெற்றோல் வேண்டும், நில்லாவிட்டால் கொதிக்கும். முதியவரையும் குழந்தையையும் ஏற்றிவந்த ஓட்டுநர் அன்றிரவு எதனை எண்ணியிருப்பார் என்பதை, எஞ்சினின் இயல்பை அறிந்தவர் உணர்வர்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் தட்டின்றி வரத்தொடங்கியது. பழைய கார்கள் மீண்டும் தமக்குரிய உணவை உண்டன. ஆனால் மோட்டார் உலகம் அதற்குள் வெகுதூரம் சென்றுவிட்டது. காபுரேற்றர் மறைந்து, ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் பெற்றோலை நுண்துளியாகத் தூவும் முறை வந்தது. நீண்ட குழாயில் பெற்றோல் வழிந்து தேங்கும் அச்சம் இல்லாமையால் அக்குழாயைச் சுடவேண்டிய தேவையும் போயிற்று. இப்போது கார்களின் காற்றுவாய் பெரும்பாலும் ரேடியேற்றருக்கு முன்னோ, மட்கார்டின் உள்ளோ வைக்கப்படுகிறது; எஞ்சின் அனல் படாத வெளிக்காற்றை அது உண்கிறது. இன்று கோப்பாய்ச் சந்தியைக் கடந்து மரக்கறி ஏற்றிச்செல்லும் ரர்போ டீசல் லொறிகளின் முகப்பில், ரேடியேற்றரோடு சேர்ந்து ஓர் அலுமினிய அடுக்கு இருக்கிறதே, அதுதான் இன்ரர்கூலர். ஒரு காலத்திற் பலாலி வானில் மட்டும் திரிந்த பொருள் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வருகிறது.

இளைஞர் சிலர் வலுக் கூட்டுகிறோம் என்று எயார் கிளீனர்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பொனற்றின் கீழ் ஒரு கூம்பு வடிகட்டியைத் திறந்தபடி பொருத்துவதைக் காண்கிறோம். ஓசை கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பெட்டி வெளிக்காற்றை இழுத்தது. புதிய கூம்போ எஞ்சினைச் சுற்றிக் கொதிக்கும் காற்றையே இழுக்கிறது. பணம் கொடுத்து வலுவைக் குறைத்துக்கொள்வது என்பது இதுதான். அதற்குமேல், நமது செம்மண் தூசி. கோடையில் தோட்டப் பாதையில் எழும் அத்தூசி சிலிண்டருக்குட் புகுந்தால் அரத்தூள்போல அராவிவிடும். குளிர்ந்த காற்று வேண்டும், ஆனால் தூய காற்றாகவும் வேண்டும். வாயை வீதிக்கு அருகே தாழ வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும், தூசியும் வெள்ளமும் சேர்ந்து வரும்; உயர வைத்தால் தூசி குறையும், அனல் கூடும். உற்பத்தியாளர் வைத்த இடத்தை மாற்றுமுன் இருமுறை எண்ணுதல் நன்று.

2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருள் வறண்டபோது, குடாநாட்டில் நாற்பது வயதைக் கடந்தோர் பலருக்குப் பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. இம்முறை பழைய வித்தை பலிக்கவில்லை. மண்ணெண்ணெயும் வரிசையில் நின்றால்தான் கிடைத்தது. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏறியது. அடி விழுந்தது காரோட்டிகளுக்கு அன்று. மீனவருக்கும், கிணற்றடியில் மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருந்த தோட்டக்காரருக்குமே. மின் இணைப்புக் கிடைத்த தோட்டங்களில் மின்மோட்டார் நீர் இறைக்கிறது. இணைப்பில்லாத துண்டுகளிற் பழைய எஞ்சின் இன்னும் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறுகிறது. வேலை முடிந்து அதனை நிறுத்துமுன், தோட்டக்காரர் மண்ணெண்ணெய்க் குழாயை அடைத்து, பெற்றோலைத் திறந்து, சிறிது நேரம் ஓடவிட்டே நிறுத்துவார். காபுரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாட் காலையில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது கிளம்பாது.